வெந்தயம் தின்னாதவளின் பிள்ளை

வெந்தயம் போடாமல் மீன்குழம்பு வைப்பவள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. புதிதாகக் கல்யாணமாகி வரும் பெண்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. எப்போதுமே பேச்சில் நான் பின்வாங்குகிறவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை. குழந்தைகளோடு பேச எனக்குக் கூச்சம் வருவதில்லை. பெரியவர்களோடுதான்.

இப்போது தோட்டத்துக்கு வந்திருக்கும் மருத்துவிச்சி நல்ல பெண். ஒருநாள் பேச்சுவாக்கில் என் பிள்ளையின் கதையைக் கேட்டுவிட்டு, "அக்கா, இத ஒரு கொப்பியில எழுதித் தாங்க, தாய்மார் கூட்டத்துல வாசிச்சுக் காட்டுறேன்" என்றாள். வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன்.

என் கணவர் பிரான்சிஸ் எனக்குச் சொந்த மாமா மகன். தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்த இலையைப் பரப்பிப் புளிக்கவைக்கும் அறையில் வேலை செய்கிறார். இலை பதமாகிவிட்டதா என்று மூக்காலேயே பார்த்துச் சொல்வார். அவருடைய அக்கா ஞானம்மா பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிறார். எனக்கு மதினி. என் மூன்று பிரசவத்தையும் அவர்தான் பார்த்தார்.

முதல் பிள்ளை ஆண். பிறந்தபோது நல்ல நிறை, நல்ல அழுகை. நான்காம் நாள் பால் குடிப்பதை விட்டான். அவன் நனைத்த துணியில் ஒரு வாசம் வந்தது. வெந்தயத்தை வறுத்துச் சீனிப் பாகில் போட்டது போன்ற வாசம். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்காக வெந்தயக்களி கிண்டிக் கொடுப்பது வழக்கம். அதனால் மதினி பெருமையாக, "பாத்தியா, நான் கிண்டுன களி பாலுல எறங்கி, பிள்ளை மூத்திரத்துலயும் மணக்குது" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஒன்பதாம் நாள் பிள்ளை இறந்துபோனான். மாந்தம் என்றார்கள் சிலர். என் பால் கெட்டது என்றார்கள் சிலர்.

இரண்டாவது செல்வி. அவள் பிறந்தபோதும் களி தின்றேன். அவளிடமும் கொஞ்சம் வெந்தய வாசம் வந்தது. அவள் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். அதனால் வாசத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தோட்டம் அரசாங்கத்துக்குப் போன அடுத்த வருஷம் மூன்றாவது பிள்ளை பிறந்தான். அந்தத் தடவை என்னால் வெந்தயத்தின் முகத்தில் விழிக்க முடியவில்லை. களியைக் கிண்டினாலே முதல் பிள்ளையின் துணி ஞாபகம் வந்தது.

"வேணாம் மதினி" என்றேன்.

"வேணாமா? அப்ப பாலுக்கு என்ன செய்வ, மாப்பால் டின்னுக்குக் கூட்டுறவுக் கடையில கியூவுல நிப்பியா?"

"ஊறும்."

"ஊறும்னு வாய் சொல்லுது. மார் சொல்லணுமே" என்று சொல்லிவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குப் பூண்டுக் கஞ்சியும் கருவாட்டுக் குழம்பும்தான். பால் நன்றாகவே ஊறியது. மதினி அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

நான்காம் நாள் காலை பிள்ளை பாலுக்கு வாய் திறக்கவில்லை. துணியை மாற்றும்போது அந்த வாசம் வந்தது. நான் துணியை மடித்து மூக்கருகே கொண்டுபோனேன். பிறகு என் கையை மோந்து பார்த்தேன். சேலையை மோந்து பார்த்தேன். அவற்றில் ஒன்றுமில்லை. பிள்ளையின் துணியில் மட்டும்தான். மதினி வாசலில் நின்று நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையிலிருந்து வந்த என் கணவர் துணியை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "இது வெந்தயம் இல்ல ரோசு. சீனி கருகுற வாசம்" என்றார். அவர் மூக்கு பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும்.

தோட்டத்து டாக்டரய்யா பிள்ளையைப் பார்த்தவுடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார். தேயிலைப் பெட்டி ஏற்றிப்போக நின்ற லொறியில் எங்களையும் ஏற்றினார்கள். தெமோதரையைத் தாண்டும்போது என் மடியில் பிள்ளை வில் போலப் பின்னால் வளைந்தான். கொஞ்ச நேரத்தில் துணி போலத் துவண்டான். வீதி வளைவுகளில் நான் அவனைப் பிடித்திருந்தேனா, வெறும் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேனா என்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை ஒரு கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். தாய்மார் உட்கார வெளியே நீளமான வாங்கு. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை மிஸ்ஸி, அதாவது தாதி, கூப்பிட்டால் உள்ளே போய்ப் பால் கொடுக்கலாம். மற்ற நேரம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். பிறந்த குழந்தை இப்படிச் சோர்ந்து போனால் முதலில் இரத்தத்தில் கிருமியைத்தான் சந்தேகப்படுவார்களாம். காலில் இரத்தம் எடுத்தார்கள். முதுகெலும்புக்கு நடுவே ஊசி விட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் நீர் முதுகு வரைக்கும் வருமாம். அது கலங்கியிருந்தால் மூளைக் காய்ச்சல். அது தெளிவாக இருந்தது. என்றாலும் கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். பிள்ளைக்குக் குறையவில்லை. கைகால்களைச் சைக்கிள் ஓட்டுவது போல ஆட்டுவான். பிறகு அசையமாட்டான். அழுகை மெல்லிய விசில் போல வந்தது.

அங்கே ஒரு சின்ன டாக்டர் நோனா, அதாவது டாக்டரம்மா, இருந்தார். சிங்களவர், வயது முப்பதுகூட இருக்காது. இரண்டாம் நாள் அவர் பிள்ளையின் மேல் குனிந்தவர் அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினார். மிஸ்ஸியிடம் ஏதோ கேட்டார். மிஸ்ஸி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியாது. அந்தப் பதிலில் ஒரே ஒரு சொல் மட்டும் புரிந்தது. உளுஹால். எங்கள் தோட்டச் சந்தியிலுள்ள சிங்களக் கடையில் வெந்தயத்தை அப்படித்தான் கேட்டு வாங்குவோம்.

தோட்டத்துத் தாய்மார் எல்லோரும் வெந்தயம் தின்பவர்கள், அந்த வாசம்தான் என்று மிஸ்ஸி சொல்லியிருக்க வேண்டும். அவர் சொன்னதில் தவறு இல்லை. எங்கள் பெண்கள் அப்படித்தான் மணப்பார்கள். டாக்டர் நோனா தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.

நான் தின்னவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் படித்தவர்கள், நான் வெறுங்காலோடு நிற்கிறேன், என்ன மொழியில் சொல்வது, கேட்காததைச் சொன்னால் ஏசுவார்களோ என்று நினைத்தேன். அந்த நாள் முழுக்க நான் பேசவில்லை.

வாங்கில் என் பக்கத்தில் இருந்தவர் பரீதா ராத்தா. பதுளைக் கடைவீதியில் புடைவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம்; அவர்கள் அக்காவை ராத்தா என்பார்கள். அவருடைய மகனுக்கு மஞ்சள் காமாலை. விளக்கின் கீழே வைத்து வைத்து எடுப்பார்கள். ராத்தாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பேசாமல் இருக்கவும் தெரியாது. சொல்லு என்பதைச் செல்லு என்பார், இருக்கு என்பதை ஈக்கி என்பார். அவர் வீட்டிலிருந்து வரும் இடியப்பத்தில் பாதியை என் கையில் திணிப்பார்.

"ஒனக்கு வாய் பேசுமா தங்கச்சி, இல்லாட்டி ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசோணுமா?"

நான் சிரித்தேன். பிறகு எப்படியோ அழுகை வந்து, வெந்தயக் கதை முழுவதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

ராத்தா இடியப்பத்தைக் கீழே வைத்தார். "இத டாக்டர்ட்ட செல்லல்லையா?"

"அவங்க கேக்கலியே."

"கேக்காட்டி செல்லப்படாதா? வீடு பத்தினாலும் யாரும் கேக்கிற வரைக்கும் பாத்துட்டு இருப்பியா?" என்று கோபித்துக்கொண்டார். உடனே கோபம் தணிந்து, "நான் செல்லுறன். நான் இல்லாத நேரம் டாக்டர் வந்தா நீயே செல்லு. மம உளுஹால் கேவே நே. நான் வெந்தயம் தின்னல்ல. எங்க, ஒருக்கா செல்லு" என்றார்.

சொன்னேன்.

"மண்ணுக்குள்ள இருந்து பேசுறாப் போல ஈக்கி. இன்னொருக்கா."

மறுநாள் டாக்டர் நோனா வந்தபோது ராத்தா தன் மகனைத் தூக்கிக்கொண்டு இரத்தம் எடுக்கும் இடத்துக்குப் போயிருந்தார். டாக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னைத் தாண்டினார். நான் எழுந்தேன். அவருடைய வெள்ளைச் சட்டையின் நுனியைப் பிடித்துவிட்டேன். ஒருநாளும் நான் அப்படிச் செய்யக்கூடியவள் இல்லை.

"நோனா. மம உளுஹால் கேவே நே."

அவர் திரும்பினார். திரும்பச் சொல்லும்படி கையைக் காட்டினார். திரும்பச் சொன்னேன். அவர் வேகமாக ஏதோ கேட்டார். எனக்கு அதற்குமேல் சிங்களம் இல்லை. அதையே மூன்றாம் தடவையும் சொன்னேன்.

ராத்தாவைத் தேடிக் கூட்டிவந்தார்கள். அதே நேரத்தில் கஞ்சி கொண்டுவந்த மதினியும் வந்து சேர்ந்தார். கஞ்சியில், குழம்பில், எதிலாவது வெந்தயம் போட்டதுண்டா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் கேட்டதை ராத்தா தமிழில் கேட்டார். எல்லோரும் மதினியைப் பார்த்தார்கள். எனக்கும் சந்தேகம் இருந்தது. எனக்குத் தெரியாமல் போட்டிருப்பாரோ என்று.

மதினியின் முகம் வாடிவிட்டது. முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கடைக்காரன் கட்டிக் கொடுத்தபடியே ஒரு பொட்டலம் இருந்தது. நூல் அவிழ்க்கப்படவில்லை.

"இவ மனசு மாறுனா கிண்டித் தரலாம்னு வாங்கி வச்சேன்ங்க. பிள்ளை பொறந்த நாள்ல இருந்து இடுப்புலதான் இருக்கு. எங்க வீட்டுல வேற ஒரு மணி வெந்தயம் இல்ல. சத்தியமா இல்ல."

டாக்டர் அந்தப் பொட்டலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய்ப் பிள்ளையின் காதில் பஞ்சைவிட்டு எடுத்து மோந்து பார்த்தார். பிறகு கேள்விகள். இதற்கு முன் பிள்ளை இறந்ததா? எத்தனையாம் நாள்? அந்தப் பிள்ளையிடமும் இந்த வாசம் இருந்ததா? புருஷன் சொந்தமா? ஒவ்வொன்றுக்கும் நான் ஆமாங்க, ஆமாங்க என்றேன். ஒவ்வொரு ஆமாவுக்கும் அவர் முகம் இறங்கிக்கொண்டே போனது.

டாக்டர் நோனாவின் கணவர் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவர். ஆஸ்பத்திரியில் இல்லாத ஒரு மருந்து பெரிய வகுப்புப் பிள்ளைகள் பரிசோதனை செய்யும் அறையில் இருந்ததாம். டாக்டரே நடந்து போய், சின்னக் கபிலநிறப் போத்தலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு கண்ணாடிக் குழாயில் பிள்ளையின் சிறுநீர் கொஞ்சம். அதில் அந்த மருந்து சில துளிகள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். தெளிவாக இருந்த நீர் கலங்கியது. மஞ்சள் தூளைக் கரைத்தது போல ஒரு வண்டல் மெதுவாக அடியில் இறங்கியது. பக்கத்துக் குழாயில் ராத்தாவின் மகனுடைய சிறுநீர் தெளிவாகவே நின்றது.

டாக்டர் என்னை வாங்கில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். அவர் சொன்னதை ராத்தா தமிழில் சொன்னார். எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

பாலிலும் பருப்பிலும் மீனிலும் புரதம் என்ற சத்து இருக்கிறது. வயிற்றுக்குள் போனதும் அது பல துண்டுகளாக உடையும். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எரித்துவிடும். இந்தப் பிள்ளைக்கு அதில் மூன்று துண்டுகளை எரிக்க வழியில்லை. அவை இரத்தத்தில் சேர்ந்து மூளையைப் போய்த் தாக்குகின்றன. அந்த வாசமும் அவற்றிலிருந்துதான் வருகிறது. குளிர் நாட்டில் ஒரு மரத்தின் பாகு இப்படி மணக்குமாம். அதன் பெயரை நோய்க்கு வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டுக்காரர்களுக்கு வெந்தயம் தெரியாது போலிருக்கிறது.

"ஒன்ட ஒடம்புல ஒரு நல்ல விதையும் ஒரு சொத்தை விதையும் ஈக்கி. ஒன்ட புருஷன்டயும் அப்படித்தான். ஒங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் சொத்தை போய்ச் சேந்தா இந்த நோய் வருமாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு அப்படி விழலாம். சொந்தத்துக்குள்ள முடிச்சா ரெண்டு பேர்ட்டயும் ஒரே சொத்தை இருக்கக்கூடிய வாய்ப்புக் கூடவாம். யார்ட பிழையும் இல்லயாம்" என்றார் ராத்தா.

"மருந்து?" என்று கேட்டேன்.

அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. டாக்டர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அந்த மூன்று துண்டுகளும் இல்லாமல் செய்த, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஒரு மாப்பால் வெளிநாட்டில் சில இடங்களில் இருக்கிறதாம். கொழும்புக்குப் போன் பண்ணிக் கேட்டார். அங்கேயும் இல்லை.

செய்யக்கூடியதைச் செய்தார்கள். முதலில் பாலை நிறுத்தினார்கள். என் பாலைத்தான். பெற்ற பிள்ளைக்கு அதுதான் விஷம் என்று தெரிந்த பிறகும் மாருக்கு அது விளங்கவில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கட்டிக்கொண்டு கொதித்தது. பேசினில் பீய்ச்சி ஊற்றினேன். பீய்ச்சும்போது மதினி முதுகைத் தடவிக்கொண்டு நிற்பார். வெந்தயம் தின்னாமலே இவ்வளவு ஊறியிருக்கிறதே என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

பிள்ளைக்கு நரம்பு வழியாகக் குளுக்கோஸ் தண்ணீர் மட்டும் போனது. பிறகு இரத்தம் மாற்றினார்கள். தொப்புள் வழியாக ஒரு கரண்டியளவு வெளியே எடுப்பார்கள், ஒரு கரண்டியளவு நல்ல இரத்தம் உள்ளே விடுவார்கள். அப்படியே காலையிலிருந்து மத்தியானம் வரை. என் கணவரும் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்யும் நாலு பேரும் முதல் ரயிலில் வந்து இரத்தம் கொடுத்தார்கள். இரத்தம் கொடுக்கும் முன்பே, ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று என் கணவர் ஒரு தகரப் பேணித் தண்ணீரை எடுத்து அருள் என்று பெயர் வைத்தார். டாக்டர் நோனா பௌத்தர். அவரும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

இரத்தம் மாற்றிய மறுநாள் பிள்ளை கண்ணைத் திறந்தான். என் விரலை வாயில் வைத்ததும் சப்பினான். அந்த வாசமும் குறைந்திருந்தது. அந்த ஒரு நாள் என்னால் எழுத முடியாத நாள். மதினி வாங்கில் இருந்த எல்லோருக்கும் பால் இல்லாத பிளேன்டி வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் ராத்தா என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் தயங்கியதை நான் பார்த்தது அது ஒரு தடவைதான். அவருக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. "பேசின்ல ஊத்துறத என்ட மகனுக்குக் குடுப்பியா தங்கச்சி? யோசிச்சுச் செல்லு. ஒருத்திட பாலக் குடிச்சு வளந்தா எங்கட மார்க்கத்துல அவ பிள்ளைகள் சகோதரங்கள். பொறகு ஒன்ட செல்விய என்ட மகனுக்குக் கேட்டு வரேலாது."

"செல்விக்கு நாலு வயசு ராத்தா" என்றேன். இருவரும் சிரித்தோம். அவருடைய மகனை என் மடியில் போட்டார். அவன் முட்டி முட்டிக் குடித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை படுத்திருந்தான்.

அடுத்த நாள் வாசம் திரும்பி வந்தது. பால் நின்றுவிட்டால் பிள்ளையின் உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்ளுமாம், அதிலிருந்தும் அந்தத் துண்டுகள் வருமாம். இன்னொரு தடவை இரத்தம் மாற்ற அவனிடம் தெம்பு இல்லை. பிறந்த பத்தாம் நாள் காலையில், பார்வையாளர் மணி அடிக்கும்போது, மிஸ்ஸி வெளியே வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பால் கொடுக்கும் நேரம் அது இல்லை. முன்பு சிரித்த மிஸ்ஸிதான் அவர். என் தோளைப் பிடித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார்.

பிள்ளையின் உடலை வாங்கிக்கொண்டு புறப்படும் முன் டாக்டரிடம் ஒன்று கேட்கச் சொன்னேன். "நான் வந்த அன்னைக்கே சொல்லியிருந்தா?"

ராத்தா கேட்டார். டாக்டர் நிறையப் பேசினார். நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, மறுபடியும் பேசினார். ராத்தா என்னிடம், "ஒன்னும் மாறியிருக்காதாம் தங்கச்சி" என்றார்.

அவ்வளவு நீளப் பேச்சுக்கு அந்த ஒரு வரிதான் தமிழா என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் ராத்தா எத்தனையோ தடவை செல்விக்குத் துணி கொண்டுவந்திருக்கிறார். இன்றுவரை கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேண்டாம் என்று இருவருமே இருந்துவிட்டோம்.

மதினியின் மகள் லூர்து எங்கள் சொந்தத்துக்குள்ளேயேதான் கல்யாணம் செய்தாள். நான் சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. போன மாசி மாதம் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. இரண்டாம் நாள் காலை, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஆள் போன பிறகு, மதினி என் வாசலில் வந்து நின்றார்.

"ரோசு, கொஞ்சம் வந்து மோந்து பாரு."

போனேன். அடுப்பில் பூண்டுக் கஞ்சி இருந்தது, வெந்தயக்களி இல்லை. மதினியின் முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது. பிள்ளையின் துணியை எடுத்து மோந்து பார்த்தேன். சவர்க்காரம், பால், மூத்திரம். காதருகே குனிந்தேன். ஒன்றுமில்லை. வாசம் இருந்தால் என்ன செய்வது என்று மதினி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரியாது. அந்த மாப்பால் இப்போதாவது இங்கே கிடைக்கிறதா என்று மருத்துவிச்சியிடம் கேட்டேன். விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

மறுநாளும் போனேன். ஒவ்வொரு நாளும் போனேன். பத்தாம் நாள் காலையிலும் அந்த வாசம் இல்லை; மதினி முடிச்சை அவிழ்த்தார், பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார், வெந்தயத்தைச் சட்டியில் கொட்டி வறுக்கத் தொடங்கினார். புகை எழும்பியது. நான் பிள்ளையை லூர்துவின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.